தொக்கு நின்ற ‘போல’

மார்மன் சமயத்தார் விட்டுச்சென்றிருக்கும் நாட்குறிப்புகளையும் சாட்சியங்களையும் சில மாதங்களாகப் படித்துவருகிறேன். பக்தி காரணமல்ல; சரித்திர ஆர்வம்கூட இரண்டாம்பட்சம்தான். உவமை எந்த இடத்தில் உருவகமாகிறது என்ற கேள்விக்கு நம் அணி நூல்கள் தரும் பதில் எனக்குப் போதவில்லை. அவை முடிந்துபோன செய்யுளை வைத்துக்கொண்டு பேசுகின்றன. மலர் போன்ற முகம் என்பது மலர்முகமாகி, பின் முகமலராகும் காரியம் வருஷக் கணக்கில், ஒரு ஜனக்கூட்டத்தின் வாயில், நடந்துகொண்டிருக்கும்போதே பார்க்கக் கிடைக்குமானால் அது இங்கேதான்.

இந்தச் சபையை 1830இல் நிறுவிய ஜோசப் ஸ்மித், 1844 ஜூன் 27 அன்று அமெரிக்காவில் இலினாய் மாகாணத்தின் கார்த்தேஜ் சிறையில், முகத்தில் கரி பூசிக்கொண்டு வந்த கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். உடனிருந்த அண்ணன் ஹைரமும் மாண்டார். ஜோசப்புக்கு 38 வயது. தீர்க்கதரிசி என்று அவரை நம்பி, ஊர் ஊராகத் துரத்தப்பட்டு, மிஸிஸிப்பிக் கரைச் சதுப்பில் நாவூ என்ற நகரைக் கட்டியிருந்தவர்களுக்கு, அடுத்து யார் என்று தெரியவில்லை. தெளிவான ஏற்பாடு எதையும் அவர் விட்டுப்போகவில்லை. அவ்வப்போது ஒவ்வொருவரிடம் ஒவ்வொன்று சொல்லியிருந்தார். (வங்கியில் இறந்தவர் கணக்குகளைப் பார்க்கும் மேஜையில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். நாமினி இல்லாத கணக்கைவிட மோசமானது, நாலு பேரிடம் வாய்மொழியாகச் சொல்லிவைத்த கணக்கு.)

ஆகஸ்ட் 8 அன்று தோப்பில் கூட்டம். ஜோசப்பின் ஆலோசகர் சிட்னி ரிக்டன், தன்னைச் சபையின் பாதுகாவலராக ஏற்கும்படி காலையில் ஒன்றரை மணி நேரம் பேசினார். காற்று மேடைக்கு எதிராக அடித்ததால் அவர் கூட்டத்துக்குப் பின்புறம் ஒரு வண்டிமேல் நின்று பேச, ஜனங்கள் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருந்தார்கள். அவருக்குப் பிறகு, பன்னிரண்டு அப்போஸ்தலர் குழுவின் தலைவர் ப்ரிகாம் யங் மேடையிலிருந்து பேசினார். பிற்பகலில் மறுபடி கூடி, கையுயர்த்தி, பன்னிருவர் குழுவே சபையை நடத்தட்டும் என்று முடிவு செய்தார்கள். குழுவைத்தான் ஏற்றார்கள், யங் சபைத் தலைவரானது 1847 டிசம்பரில்தான்.

இவ்வளவுதான் அன்று நடந்தது. அன்று நடந்ததாகப் பிறகு சொல்லப்பட்டது வேறு. யங் பேச எழுந்ததும் ஜோசப்பின் குரல் கேட்டது, ஜோசப்பின் முகம் தெரிந்தது, அவரே திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தோம் என நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்குக் குரல் மட்டும், சிலருக்கு உருவமும். சிலர் காலை என்கிறார்கள், சிலர் பிற்பகல் என்கிறார்கள். பெரும்பாலானவை பல வருஷம் கழித்து எழுதப்பட்டவை. நாட்குறிப்பு எழுதுவதில் அந்தச் சபையிலேயே அசகாய சூரரான வில்ஃபோர்ட் வுட்ரஃப் அன்றைய பேச்சுகளை விரிவாகக் குறித்துவைத்திருக்கிறார். உருமாற்றம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதே வுட்ரஃப் 1872இல் பேசும்போது, கண்ணை மூடியிருந்தால் அது ஜோசப் என்றே நினைத்திருப்பேன் என்ற மாதிரி சாட்சி சொல்கிறார். ஆர்சன் ஹைட் என்ற அப்போஸ்தலர் தாம் நேரில் கண்டதாகவே விவரித்தார். அன்று அவர் நாவூவுக்கு வந்தே சேரவில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

பொய் என்று ஒரு கட்சி, அற்புதம் என்று ஒரு கட்சி. இரண்டும் பிரதியைப் போலீஸ்காரன் படிப்பதுபோலப் படிக்கின்றன. நான் பார்ப்பது இலக்கணத்தை. 1844 நவம்பரில் நாவூவிலிருந்து ஒரு தம்பதி எழுதிய கடிதத்தில், யங் தோற்றத்திலும் பேச்சிலும் ஜோசப்பைப் போல இருக்கிறார் என்று மட்டும் வருகிறது. சாதாரண உவமை. இருவரும் வெர்மாண்டில் பிறந்தவர்கள், மேற்கு நியூயார்க்கில் வளர்ந்தவர்கள். பேச்சுவாடை ஒத்திருக்க நியாயம் உண்டு. 1845இல் ஒருவர் தம் குறிப்பில் ஜோசப்பின் ஆவி யங்கின்மேல் தங்கியிருப்பதாகத் தோன்றியது என்று எழுதுகிறார். ‘தோன்றியது’ இன்னும் இருக்கிறது. 1870களில் அதுவும் உதிர்ந்துவிட்டது. உருபு தொக்கு, பிறகு சொற்கள் இடம்மாறி, முகம் பின்னுக்குப் போய் மலர் முன்னால் வந்துவிட்டது.

இதற்கான அச்சு அவர்களிடம் தயாராக இருந்தது என்பதும் உண்மை. எலியாவின் சால்வை எலிசாவிடம் வந்த கதையைப் பால்யத்திலேயே கேட்டவர்கள். (நம் ஊர்க் கூட்டங்களில் கைமாறும் பொன்னாடையை வாசகர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம்.) ஆனால் அச்சு இருப்பதனாலேயே வார்ப்பு நிகழ்ந்துவிடாது. நடுவில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 1846இல் நாவூவைக் காலி செய்தார்கள். ஏறக்குறைய 1,300 மைல். வழியெல்லாம் குழந்தைகளைப் புதைத்துக்கொண்டு, யங்கின் பின்னால், உப்பு ஏரிப் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ‘போல’ இருக்கும் ஒருவர் பின்னால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நடந்து முடித்தவர்கள், நடந்ததற்குத் தக்கபடி அந்த ஆகஸ்ட் நாளைத் திருத்தி எழுதினார்கள். எழுதினார்கள் என்பதுகூடத் தப்பு. அப்படித்தான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. தோப்பில் முதுகுப்புறமிருந்து, ஜோசப் வழக்கமாகப் பேசும் இடத்திலிருந்து ஒரு குரல் கேட்டு எல்லோரும் ஒருசேரத் திரும்பிய கணம் ஒன்று மெய்யாகவே இருந்தது. ஞாபகம் பிடித்துக்கொள்ள அது போதும்.

மாறாக, காகிதத்தோடு வந்தவர் தோற்றார். ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்பவர் ஜோசப் தமக்கு எழுதியதாக 1844 ஜூன் 18 தேதியிட்ட நியமனக் கடிதம் ஒன்றைக் காட்டினார். இப்போது அது யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. நாவூ தபால் முத்திரை இருக்கிறது. கையெழுத்து ஜோசப்புடையதல்ல என்பது ஆராய்ந்தவர்களின் முடிவு. கையெழுத்தை ஒத்துப்பார்ப்பது என் வயிற்றுப்பிழைப்பு. ஆனாலும் அந்தக் கடிதம் பலிக்காததற்குக் கையெழுத்து காரணம் என்று நான் நினைக்கவில்லை. துக்கத்தில் இருந்தவர்களுக்கு அது வெறும் உத்தரவாக இருந்தது. ஸ்ட்ராங் பின்தொடர்ந்த சிலரோடு மிஷிகன் ஏரியில் ஒரு தீவுக்குப் போய் 1850இல் ராஜாவாக முடிசூட்டிக்கொண்டு, 1856இல் சுடப்பட்டு இறந்தார். சாகக் கிடந்தபோது வாரிசு யார் என்று கேட்டார்கள். அவர் சொல்லவில்லை.

இன்று அந்தச் சபையில் இந்தத் தொல்லை கிடையாது. 2025 செப்டம்பர் 27 அன்று ரஸ்ஸல் நெல்சன் 101 வயதில் இறந்தார். இதய அறுவை நிபுணராக இருந்தவர். அக்டோபர் 14 அன்று, ஒருகாலத்தில் யூட்டா உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த 93 வயது டாலின் ஓக்ஸ் பதவிக்கு வந்தார். இருவரும் 1984இல் சில வாரங்கள் முன்பின்னாக அப்போஸ்தலர் ஆனவர்கள். சீனியாரிட்டி லிஸ்ட்தான் தீர்மானிக்கிறது. எங்கள் யூனியன்காரர்கள் மெச்சிக்கொள்வார்கள். அங்கத்தினர்களின் துக்கம் குறைந்துவிட்டது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அடுத்தவரின் வாயில் இறந்தவரின் குரலைத் தேட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஸ்தாபனம் உறுதிப்பட்ட இடத்தில் உருவகம் வேலையிழந்துவிடுகிறது. நல்லதா என்றால், குழந்தைகளைப் புதைத்துக்கொண்டு நடக்க வேண்டாம் என்ற அளவில் நல்லதுதான்.

குரல் கேட்காதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனைவி எம்மா, அந்தக் குரலோடு பதினேழு வருஷம் குடித்தனம் நடத்தியவர். யங்கோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. நாவூவிலேயே தங்கிவிட்டார். மகன் மூன்றாம் ஜோசப் ஸ்மித் 1860இல் வேறொரு சபைக்குத் தலைவரானார்.

என்னைத் தொந்தரவு செய்வது இன்னொருத்தி. எலைஸா ஸ்னோ அந்தச் சபையின் கவி. கொலை நடந்த நான்காம் நாள், ஜூலை 1 தேதியிட்ட சபைப் பத்திரிகையில் அவருடைய இரங்கற்பா அச்சாகியிருக்கிறது. கவிதையாக அது தேறாது. தியாகிகளின் ரத்தம், தேசத்தின் களங்கம், வானோர் நீதி என்று மில்டன் வாடையடிக்கும் பெருங்குரல். ‘என்’ என்ற சொல்லுக்கு அந்தக் குரலில் இடமே இல்லை. 1842 முதல் எலைஸா ஜோசப்பின் ரகசிய மனைவியருள் ஒருவர் என்று தெரிந்த பிறகு படித்தால், அந்தச் சத்தமெல்லாம் எதை மூடுவதற்கு என்று புரிகிறது. விதவை என்று ஊரறிய அழ முடியாதவர் தேசத்தை அழவைக்கிறார். அதே வருஷம் அக்டோபரில் அவர் ப்ரிகாம் யங்குக்கு மனைவியரில் ஒருவரானார். உப்பு ஏரி நகரத்தில் யங்கின் வீட்டில் முப்பது வருஷத்துக்குக் குறையாமல் வாழ்ந்தார். 1877இல் யங் இறந்தார். 1880இல் அவர் தம் பெயரை எலைஸா ஸ்னோ ஸ்மித் என்று எழுதத் தொடங்கினார்.