முந்தானையை விடாத கை

இந்தப் பத்தியில் வழக்கமாக ரெய்டு போகிறவனின் கால் விரலையோ கடைசி ஓவர் வீசுகிறவனின் மணிக்கட்டையோ பிடித்துக்கொண்டு தொங்குவேன். இந்த வாரம் துச்சாதனனின் வலது கை.

கதையும் முடிவும் உங்களுக்குத் தெரியும். சூதாடியாயிற்று, சபை கூடியாயிற்று, பாஞ்சாலியை இழுத்து வந்தாயிற்று. அதற்குப் பிறகு தெருக்கூத்தில் ஒரு நிறுத்தம் வரும். துகிலில் கை வைக்கிற கட்டத்தில் துச்சாதன வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்துவார். கற்பூரம் ஏற்றுவார்கள். நான் வேஷம் கட்டினவன், குற்றம் பொறுக்க வேண்டும் என்று அம்மனிடமும் சபையிடமும் கேட்டுக்கொள்வார். பிறகு மறுபடியும் துச்சாதனன் ஆகிவிடுவார்.

இந்த நிறுத்தத்தை எல்லோரும் தப்பாகவே படிக்கிறார்கள். அரங்கத்தில் டிக்கெட் வாங்கிப் பார்த்துப் பழகியவர், விறுவிறுப்பு போச்சே என்கிறார். பகுத்தறிவு நண்பர் இது வெறும் சாமி பயம் என்கிறார். நாடகம் படித்தவர் உடனே பிரெக்டைக் கூப்பிடுகிறார். 1935ல் மாஸ்கோவில் ஒரு சீன நடிகரின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, பாத்திரத்திலிருந்து விலகி நின்று நடிப்பதைப் பற்றி பிரெக்ட் எழுதியது உண்மைதான். ஆனால் அவருக்கு வேண்டியது உருகாமல், யோசித்துக்கொண்டே பார்க்கும் பார்வையாளர். நம் ஊரில் கற்பூரம் எரிகிற நேரத்தில்தான் பாட்டிகள் மூக்கைச் சிந்துகிறார்கள். பிறகு எங்கே விலகல்?

போன சித்திரையில் ஏற்காட்டு மலையில் வாழவந்திக்குப் போயிருந்தேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, மேலே இன்னும் கொஞ்சம் காப்பித் தோட்டத்து ரோடு. கீழேயிருந்து ஒரு கூத்து ஜமா ஆட வந்திருந்தது. மேடை கிடையாது. அறுவடை முடிந்து காலியாகக் கிடந்த காப்பி உலர்த்தும் களம்தான் ஆட்டக்களம். மேட்டில் ஜனம், கழுத்து வரை போர்வை. பனி இறங்கினால் பெட்ரோமாக்ஸ் காலத்தில் என்ன செய்தார்களோ, இப்போது எல்.இ.டி. விளக்கையே மங்கலாக்கிவிடுகிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடி மக்களின் மலை இது. கூத்து செழித்த சீமையும் காஞ்சிபுரம் பக்கம்தான் என்பதை நினைத்துக்கொண்டேன். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட மாட்டேன்.

நிறுத்தத்தில் எல்லாமே நேரம்தான். சிலர் தொடுவதற்கு முன்பே நிறுத்துவார்கள். மூன்றடி தள்ளி நின்று, கும்பிட்டு, கணக்கைத் தீர்த்துவிட்டுப் போய்ப் பிடிப்பார்கள். ஆபத்தில்லாத ஆட்டம். நான் வேறு, அவன் வேறு என்று முதலிலேயே ரசீது கொடுத்துவிடுகிறார்கள். பிரெஞ்சுக்கார தீதரோ கேட்டிருந்தால் கை தட்டியிருப்பார். நல்ல நடிகன் எதையும் உணரக்கூடாது என்று வாதாடி 1770களில் அவர் எழுதியது, செத்த பிறகு 1830ல்தான் அச்சானது. வேறு சிலர் நிறுத்தவே மாட்டார்கள். பிடித்து இழுக்கிற வேகத்தில் சாமி வந்து விழுவார்கள், நாலு பேர் தாங்கிப் பிடிப்பார்கள். பார்க்க பிரமாதம். ஆனால் அங்கே முடிவெடுத்தவர் யார்?

நான் சொல்லும் ஆள் இரண்டும் செய்யவில்லை. முந்தானையைப் பிடித்தார். ஒரு சுற்று கையில் சுருட்டினார். அதற்குப் பிறகு நின்றார். மிருதங்கக்காரர் வலது கையை எடுத்துவிட்டு இடது கையால் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். முகவீணை ஒரே சுரத்தில் நின்றது. வேஷக்காரர் கழுத்தை மட்டும் சபைப் பக்கம் திருப்பினார். அரிதாரம் அப்பிய அதே முகம்தான், ஆனால் புருவம் இறங்கிவிட்டது. கை மட்டும் இறங்கவில்லை. முஷ்டி இறுகியபடியே இருந்தது, சேலை விறைப்பாக நின்றது. முகம் அவருடையது, கை துச்சாதனனுடையது.

ஒரு பையன் கற்பூரத் தட்டைக் கொண்டுவந்தான். இடது கையில் நீட்டி, முன்வரிசைப் பாட்டியிடம் திட்டு வாங்கினான். நம் ஆளுக்கு ஒத்திக்கொள்ள வலது கை ஒழியவில்லை. இடது கையால் ஒத்திக்கொள்ள மனசு வராது. தலையை மட்டும் குனிந்தார், கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகளில் சுடர் ஆடியது. பிறகு முதலில் குதிகால் சலங்கை, அப்புறம் தோள், கடைசியில் புருவம். துச்சாதனன் திரும்பி வந்துவிட்டான்.

சடுகுடு ஆடினவர்களுக்கு இது புரியும். தொட்டாகிவிட்டது, கோட்டுக்குத் திரும்பவில்லை, பாட்டும் விடவில்லை. அந்த இடத்தில் நிற்க நெஞ்சில் மூச்சு வேண்டும்.

தத்துவம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று ஊருக்குத் திரும்பிப் புரட்டினேன். ஆயிரம் வருஷத்துக்கு முன் நாட்டிய சாஸ்திரத்துக்கு உரை எழுதிய காஷ்மீரத்து அபிநவகுப்தர், நடிகனைப் பாத்திரம் என்பதற்கு அழகாகக் காரணம் சொல்கிறார். மது இருக்கும் பாத்திரம் மதுவைச் சுவைப்பதில்லை. சுவை பார்ப்பவனுக்கு. தமிழில் வேஷத்துக்கும் சமையலறை ஏனத்துக்கும் இன்றும் அதே சொல்தான். சொந்த சுகதுக்கத்தில் மூழ்கிக் கிடப்பவனுக்குச் சுவை கிட்டாது என்றும் அவர் சொல்கிறார். அந்தக் கணக்கில் பார்த்தால் நிறுத்தம் அருமையான உத்தி. மேட்டில் இருக்கும் ஆளுக்கு இந்த மனுஷனை அடிக்க வேண்டும் என்ற கோபம் கழன்று, இந்தக் காரியத்தின் மேல் கோபம் மிஞ்சுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் வெகுளி பிறக்கும் நாலு இடங்களைச் சொல்லும்போது, உறுப்பறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைக்கழித்தல், கொலை என்று செய்கைகளைத்தான் எண்ணுகிறது. ஆளின் மூஞ்சியை எண்ணவில்லை.

ஆக, கட்டுரை தயார் என்று நினைத்திருந்தேன். ஆனால் கெடுத்தவர் வேஷக்காரரேதான். அன்று விடிந்ததும், தேங்காய் எண்ணெய் போட்டு அரிதாரம் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், கையை ஏன் விடவில்லை என்று கேட்டிருந்தேன். அவர் சொன்னதை நோட்டில் எழுதிவிட்டு மறந்திருக்கிறேன்.

"கைய உட்டா மறுபடியும் புடிக்கணுமுங்க. ஒரு தடவ புடிச்ச பாவம் போதாதா?"

அபிநவகுப்தரின் பாத்திரத்தில் இது அடங்காது. சுவைக்காத ஏனம் பாவக்கணக்கு பார்க்காது. வேஷத்தில் செய்ததும் தன் கணக்கில் ஏறுகிறது என்கிறார் இவர். அதற்காக ஆட்டத்தை விடவில்லை, எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டார். இதை எந்த நூலிலிருந்தும் அவர் எடுக்கவில்லை. முஷ்டியை எப்போது திறப்பது என்று ராத்திரிக்கு ராத்திரி முடிவெடுத்து வந்த இடம் இது. தத்துவக்காரர்கள் மறுநாள் பத்தி எழுதும் என்னைப் போன்றவர்கள், ஆட்டம் முடிந்து வருகிறவர்கள். நான் எந்தக் கட்சி என்பது தெரிந்திருக்கும், மறைக்கவில்லை.

இனி ஆரூடம். மூன்று சீசனுக்குள் இந்த நிறுத்தம் குறுகும். நகர விழாக்களில் விடிய விடிய நடப்பதை ஒன்றரை மணி நேரத்துக்கு மடித்துக் கேட்கிறார்கள். மடிக்கும்போது முதலில் கத்தரி விழுவது சும்மா நிற்கிற இடத்தில். எங்காவது ஒரு மேடையில் அதற்கு நீல விளக்கும் போடுவார்கள். யாராவது ஒருவர் சேலையை உதறி விட்டுவிட்டு இரண்டு கையாலும் பெரிய கும்பிடு போடுவார், செல்போனில் அழகாக விழும், பத்துப் பேர் அதையே செய்வார்கள். ஆனால் மலையில் அது எடுபடாது. போர்வைக்குள்ளிருந்து பார்க்கிறவர்கள் கையைத்தான் பார்க்கிறார்கள்.

நம் ஆளுக்கு இன்னும் இரண்டு சித்திரை, நீட்டினால் மூன்று. சுற்றி ஆடி நிற்கும்போது வலது முழங்கால் லேசாகத் தள்ளுகிறது. அடுத்தவர் யார் என்று கேட்டால், என் பந்தயம் அந்தத் தட்டுக்காரப் பையன் மேல். எல்லோரும் சுடரைப் பார்த்தபோது அவன் முஷ்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வருஷம் காவலாளி வேஷம் கிடைக்கும். ஏழெட்டு வருஷத்தில் முந்தானை அவன் கைக்கு வரும். அவன் இடது கைக்காரன் என்பதை ஜமாவில் யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. இடது கை சேலையைப் பிடித்திருக்கும், வலது கை சும்மா இருக்கும், கற்பூரத் தட்டு பக்கத்தில் வரும்.