நாயகன் வாயில் யார் சொல்?

ரோல் பிளேயிங் கேமுக்கு வேர் மேசையில் இருக்கிறது. 1974-இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தைத் தாமே எழுதி, தம் வாயாலேயே பேசினார்கள். ஆட்டம் கணினிக்கு வந்ததும் ஒரு கேள்வி பிறந்தது: நாயகன் வாய் திறந்தால் யார் குரல் கேட்க வேண்டும்? இதற்கு மூன்று மரபுகள் விடை தந்திருக்கின்றன.

மூத்தது மௌன மரபு. ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ (2009) அதன் சிகரங்களுள் ஒன்று. ஆறு பூர்வீகங்களில் ஒன்றை நாம் தேர்கிறோம். நகர எல்ஃபாகப் பிறந்தால் கதை நம் கல்யாண நாளில் விடிகிறது. பிரபுவின் மகன் ஆட்களோடு வந்து பெண்களைத் தூக்கிப் போகிறான். நம் பதில்கள் திரையில் முழு வாக்கியங்களாக நிற்கின்றன. அந்தக் கோபத்துக்கு என்ன தொனி என்பதை நம் மனமே முடிவு செய்கிறது.

அடுத்தது ஆயத்த நாயகன் மரபு. ‘விட்சர் 3’ (2015) விளையாடுகிறவர் கெரால்டைப் படைப்பதில்லை. கூடுவிட்டுக் கூடு பாய்கிறார். போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியின் பாத்திரம் அவன். ஆங்கிலத்தில் டக் காக்கிளின் கரகரத்த குரல் அவனுக்கு. மனமொடிந்து உட்கார்ந்திருக்கும் வளர்ப்பு மகள் சிரிக்கு மதுவை ஊற்றுவதா, பனிப்பந்து எறிந்து விளையாட அழைப்பதா? இந்தச் சின்னத் தேர்வும் சேர்ந்துதான் கடைசியில் அவள் விதியைத் தீர்மானிக்கிறது. பல வருட உறவின் கனத்தை அந்தக் குரல் ஒரே வாக்கியத்தில் இறக்கி வைத்துவிடும்.

மூன்றாவது கலப்பு மரபு. ‘மாஸ் எஃபெக்ட்’ (2007) முகத்தை நம்மிடம் விட்டது. குரலை மார்க் மீர், ஜெனிஃபர் ஹேல் இருவருக்கும் கொடுத்தது. முதற்பெயர் நம்முடையதானாலும் எல்லோரும் ‘ஷெப்பர்ட்’ என்றே அழைக்கிறார்கள். நாம் வைக்கும் பெயர் எந்தக் கலைஞரின் ஒலிப்பதிவிலும் இருக்க முடியாதே! உரையாடல் சக்கரத்தில் இரண்டு மூன்று சொற்களைத் தேர்ந்தால் நாயகன் முழு வாக்கியம் பேசுவான். ஆபத்து அங்கேதான். ‘ஃபால்அவுட் 4’ (2015) நான்கே தேர்வுகள் தந்தது. சில இடங்களில் ‘கிண்டல்’ என்று ஒற்றைச் சொல். லேசாகச் சீண்ட நினைத்து அதைத் தொட்டால் நாயகன் முகத்தில் அடித்தாற்போல் பேசிவிடுவான். அதே நிறுவனம் ‘ஸ்டார்ஃபீல்ட்’ (2023) ஆட்டத்தில் மௌனத்துக்குத் திரும்பியது.

அப்படியானால் அளவுகோல் எது? ‘குரல் உண்டா’ என்பது முதற்கேள்வி ஆகாது. ‘நான் தேர்ந்ததைத்தான் அவன் சொன்னானா’ என்பதே என் அளவுகோல். ‘டிராகன் ஏஜ் 2’ (2011) இதில் அழகான வழி காட்டியது. நாம் அடிக்கடி தேர்வது சாந்தமா, நகைச்சுவையா, கடுமையா என்று அது கணக்கு வைக்கும். நாம் தேராமல் நாயகன் ஹாக் தானாகப் பேசும் இடங்களிலும் அந்தச் சுபாவமே ஒலிக்கும். சிரித்துச் சிரித்தே பதில் சொல்லி வந்தவருக்கு, கேட்காமலே ஒரு சிரிப்பு வந்து சேரும். குரல் நடிகருடையது, பேசும் ஆள் நாம். மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் வாய் திறந்தபோது கிடைத்த நிறைவு அதுதான்.