பொன்னியின் செல்வன்: பாகம் பாகமாக ஒரு வாசிப்பு

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் பொன்னியின் செல்வன் சென்னையிலிருந்து வெளிவந்த கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், ஓவியர் மணியத்தின் படங்களுடன் தொடராக வந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என ஐந்து பாகங்கள். இன்றைய வாசகர் ஐந்தையும் ஒரே கட்டாக தி. நகரின் பதிப்பகம் ஒன்றிலோ புத்தகக் காட்சியிலோ வாங்கி, ஒரு மாதத்தில் முடித்துவிடுகிறார். அன்றைய வாசகர் வாரம் ஓர் இதழாகக் காத்திருந்து படித்தார்; பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்தார். அவ்வாறு பைண்டு செய்த தொடர்கதைகள் மயிலாப்பூர் லஸ் பகுதியின் பழைய புத்தகக் கடைகள் வரை வந்துசேர்ந்தன. நாவலின் பலமும் பலவீனமும் இந்த வாரக் கணக்கில்தான் இருக்கின்றன.

ஜப்பானின் மாங்கா சாகசத் தொடர்களும் இப்படித்தான் உருவாகின்றன. வார இதழில் அத்தியாயம் அத்தியாயமாக வந்து பின்னர் தொகுதிகளாகின்றன. 1997-ல் தொடங்கிய ஒன் பீஸ் நூறு தொகுதிகளைத் தாண்டிவிட்டது. இத்தகைய தொடர்களுக்கு ஒரு பொதுவான சிக்கல் உண்டு. கதையை முன்னால் இழுத்துச் செல்பவனாகத் தொடங்கும் நாயகன், கதை பெருக்கப் பெருக்க அதில் ஒருவனாகச் சுருங்கிவிடுகிறான். வந்தியத்தேவனுக்கும் இதுவே நேர்கிறது.

புது வெள்ளம் ஐந்து பாகங்களிலும் குறையற்றது. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் இளைஞன், ஆதித்த கரிகாலன் தந்த ஓலைகளைக் கொண்டுபோகிறான். ஓலை என்ற ஒரே பொருள் அவனைக் கடம்பூருக்கும் குடந்தைக்கும் தஞ்சைக்கும் பழையாறைக்கும் தள்ளுகிறது. செல்லும் இடமெல்லாம் அவன் ஒட்டுக்கேட்கிறான், உளறுகிறான், மாட்டிக்கொள்கிறான், பொய் சொல்லித் தப்புகிறான். சோழநாட்டு அரசியல் முழுவதையும் வாசகர் அவன் கண் வழியாகவே அறிகிறார். விளக்கம் தனியாகத் தேவைப்படவில்லை. ஆழ்வார்க்கடியானுடனான சச்சரவுகள் இன்றும் சிரிப்பை வரவழைப்பவை.

சுழற்காற்று அந்த வேகத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்கிறது. கோடிக்கரையின் பூங்குழலி, ஈழத்துக் காடுகள், பேச முடியாத மந்தாகினி, நடுக்கடலில் தீப்பற்றும் கப்பல் எனச் சாகசத்தின் உச்சம் இங்கேதான். ஆனால் அருள்மொழிவர்மன் வந்தவுடன் கதையின் எடை மெல்ல இடம் மாறுகிறது. குறை ஏதுமில்லாத ஒருவனுக்கு அருகில் குறைகளே அழகான வந்தியத்தேவன் துணைப் பாத்திரம்போலத் தோன்றத் தொடங்குகிறான்.

கொலை வாளும் மணிமகுடமும் தளர்ச்சியானவை. ஓலைகள் சேர வேண்டிய இடம் சேர்ந்துவிட்டன. அந்த அளவுக்கு வலுவான இன்னொரு உந்துதலைக் கல்கி கண்டுபிடிக்கவில்லை. பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் முன்கதை சொல்லிக்கொள்கின்றன. சென்ற மாதம் இதழைத் தவறவிட்டவருக்கு அது உதவி. புத்தகமாகப் படிப்பவருக்கு மூன்றாம் முறை கேட்கும் கதை. நந்தினி மட்டும் இதற்கு விலக்கு. மீன் சின்னம் பொறித்த வாளை வைத்துக்கொண்டு அவள் பேசும் காட்சிகளில் மொழி இறுகிவிடுகிறது. தமிழ்த் தொடர்கதைகளில் இவ்வளவு பெரிய எதிர்நாயகி அரிது.

91 அத்தியாயங்கள் கொண்ட தியாக சிகரம் மற்ற எல்லாப் பாகங்களையும்விடப் பெரிது. நாவலைப் பற்றிய முதன்மையான விமர்சனக் கேள்வியும் இங்கேதான் எழுகிறது. கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது. ஆதித்த கரிகாலன் இறந்து கிடக்கிறான். கொன்றவர் யார்? நந்தினி, ரவிதாஸன், பெரிய பழுவேட்டரையர், தற்கொலை என எல்லா வாய்ப்புகளையும் கல்கி திறந்துவைத்துவிட்டு எதையும் மூடவில்லை. பழுவேட்டரையர் பழியை ஏற்கும்போதும் வாசகருக்கு ஐயம் தீர்வதில்லை.

வரலாறு இந்த அளவுக்கு மௌனமாக இல்லை. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு இக்கொலை தொடர்பாக சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மீதே ஐயம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்கி இரண்டு தரப்பையும் அறிந்தவர். உத்தம சோழனைக் குற்றவாளியாக்கினால் அருள்மொழி அவனுக்கு முடியை விட்டுக்கொடுப்பது தியாகமாக இராது, ஏமாளித்தனமாகிவிடும். ஆகவே அவர் மதுராந்தகன் என்ற பெயரை இரண்டு ஆட்களுக்குப் பிரித்தார். பாண்டிய குலத்து மதுராந்தகன் விலகிச் செல்ல, பூக்கட்டி வாழ்ந்த சேந்தன் அமுதன் உத்தம சோழனாகிறான். சாமர்த்தியமான தீர்வுதான், ஆனால் விலை கொடுத்துப் பெற்றது. கொலை மர்மமாகத் தொடங்கிய கதை, ஆள்மாறாட்டக் கதையாக முடிகிறது.

இதே பாகத்தில் இன்னொரு தையலும் தெரிகிறது. தொடக்கத்தில் நந்தினியின் காதலன் என்று நம்பவைக்கப்பட்ட வீரபாண்டியன், இறுதியில் அவளுடைய தந்தையாகிறான். முதலிலேயே திட்டமிட்ட திருப்பம் என்றால், முற்பகுதிக் காட்சிகளை மீண்டும் படிக்கும்போது அவை புதுப்பொருள் தர வேண்டும். அவை பொருந்தாமல் உறுத்தவே செய்கின்றன. வாரந்தோறும் அச்சுக்குப் போய்விட்ட அத்தியாயத்தைத் திருத்தும் வாய்ப்பு தொடர்கதை ஆசிரியருக்கு இல்லை.

இத்தனைக்கும் நடுவே வந்தியத்தேவன் கொலைப்பழியுடன் பாதாளச் சிறையில் கிடக்கிறான். சாகச நாயகன் கைகட்டி இருக்க, அரசகுலத்தார் முடிவுகளை எடுக்கிறார்கள். நாவலின் தலைப்பு அருள்மொழியுடையது என்பது அப்போதுதான் உறைக்கிறது. ஆனாலும் கல்கிக்குத் தன் பழைய நாயகனைக் கைவிட மனமில்லை. பட்டாபிஷேகத்தோடு முடித்திருக்கலாம், அவர் கடைசி அத்தியாயத்தை மணிமேகலைக்கு அளித்தார். மனம் பேதலித்த அந்தப் பெண் வந்தியத்தேவனின் மடியில் இறக்கிறாள். வரலாற்றில் இல்லாத பாத்திரம், சதியிலோ ஆட்சியிலோ பங்கில்லாதவள். அவளைக் கொல்லக் கதைக்கு எந்தத் தேவையும் இல்லை. ஆயினும் ஏரிக்கரையில் சிரித்துக்கொண்டு வந்த அந்த இளைஞன் வாய்விட்டு அழும் இடம் அதுதான். தியாக சிகரத்தின் மிக உண்மையான பக்கங்களும் அவையே.

தொடர் முடிந்தபோது வாசகர்கள் திருப்தி அடையவில்லை. யார் யார் என்ன ஆனார்கள் என்று கேட்டு எழுதினார்கள். கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். சரித்திரக் கதையைச் சமூகக் கதைபோல முற்றாக முடித்துவிட முடியாது என்பது அவர் தரப்பு. கரிகாலன் கொலைக்கு அந்த முடிவுரையிலும் விடை இல்லை. அதே 1954 டிசம்பரில் கல்கி காலமானார்.