அடுத்த அட்டை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. துளையிட்ட அட்டைகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு அதில் தொங்கும். மிதித்ததும் ஓர் அட்டை முன்வரும். துளை உள்ள இடத்தில் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. நாடா ஓடும். பிறகுதான் அடுத்த அட்டை.

ழோசப் மரி ஜக்கார் 1804இல் பிரான்சில் உருவாக்கிய இந்த ஒழுங்கின் அழகு, செய்தி வரிசையிலிருந்து வேலை எடுத்து ஓயாமல் இயங்கும் சேவை நிரலிலும் உண்டு.

2007இல் வந்த செய்தி வரிசை மென்பொருளான ரேபிட்எம்கியூவை எடுத்துக்கொள்வோம். நன்றாகக் கட்டிய நிரல் செய்தியை வாங்கி, வேலையை முடித்த பிறகே வரிசைக்கு ஒப்புகை தரும். நடுவில் நிரல் விழுந்தால், ஒப்புகை வராத செய்தியை வரிசை மறுபடி கொடுக்கும். அதனால் ஒரே செய்தி இரண்டு முறையும் வரலாம். பணம் பிடிக்கும் வேலையென்றால், இருமுறை பிடிக்காமலிருக்கச் செய்தியின் அடையாள எண்ணைச் சரிபார்த்தே ஆகவேண்டும்.

இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவார். நிரலுக்கு அந்தக் கண் இல்லை. திரும்பத் திரும்பத் தோற்கும் செய்தியைத் தனி வரிசைக்கு ஒதுக்க முன்பே ஏற்பாடு வேண்டும்.

நிரலை முடித்துக்கொள்ளச் சொல்லும் 'சிக்டெர்ம்' சைகையை லினக்ஸ் அனுப்பியதும் புதிய செய்தி எடுப்பதை நிறுத்தி, கையிலிருப்பதை முடித்து, இணைப்பை மூடி வெளியேறும் நிரல் கண்ணுக்கு நிறைவானது. எழுதவும் கடினமில்லை; ஆனாலும் பலர் அந்தச் சில வரிகளை விட்டுவிடுகிறார்கள்.