ஹால்வெல் துரை சொன்ன கதை

‘கல்கத்தா இருட்டறை’யைப் பற்றிக் கம்பெனி அதிகாரி ஹால்வெல் எழுதியதை, கதை எழுதுகிறவன் என்ற முறையில்தான் படித்தேன். 1756 ஜூன் 20-ம் தேதி இரவு, பதினெட்டு அடிக்குப் பதினைந்து அடிகூட இல்லாத அறையில் நவாபின் ஆட்கள் 146 பேரை அடைத்தார்களாம். விடிந்தபோது மிஞ்சியவர்கள் 23 பேராம். அவரும் அந்த 23 பேரில் ஒருவர். தாகம் தாங்காமல் தம் சட்டைக் கையில் ஊறிய வியர்வையை உறிஞ்சியதாகச் சொல்கிறாரே, அந்த இடம் அபாரம். அதை நான் நம்புகிறேன். தலைக்கணக்கில்தான் இடறுகிறது. அந்த இருட்டில் எண்ணியது யார்?

போலாநாத் சந்தர் என்ற வங்காளி அதே அளவுக்கு வேலி கட்டி, உள்ளே ஆட்களை நெருக்கி நிறுத்திப் பார்த்தார். 146 பேர் கொள்ளவில்லை. 1959-ல் பிரிஜென் குப்தா என்ற ஆராய்ச்சியாளர், அடைபட்டவர்கள் 64 பேர், பிழைத்தவர்கள் 21 பேர் என்று கணக்கிட்டார். நாற்பத்து மூன்று சாவும் கொடுமைதான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் பிளாசியை நியாயப்படுத்த வேண்டியவர்களுக்கு அது போதவில்லை.

1902-ல் கர்ஸான் பிரபு பளிங்குத் தூண் எழுப்பினார். 1940-ல் சுபாஷ் போஸின் கிளர்ச்சிக்குப் பின் அது செயின்ட் ஜான் சர்ச் வளாகத்துக்குப் போயிற்று. இறந்தவர்கள் 123 பேர் என்றுதான் இன்னும் அதில் செதுக்கியிருக்கிறது.