அமுதாவின் குழந்தைமையும் போரின் குழந்தைகளும்

மணிரத்தினத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002 பெப்ரவரியில் திரைக்கு வந்தது. அதே மாதம் 22ஆந் திகதி இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். போரின் நடுவே ஒரு சிறுமி தன் குழந்தைமையை இழக்கும் கதையென இப்படம் பாராட்டப்பட்டது. கீர்த்தனாவுக்குக் கிடைத்த தேசிய விருது தகுதியானதே. ஆயினும் அக்குழந்தைமை எத்தகைய சமூக வாழ்வின் விளைபொருள் என்ற வினாவை நாம் எழுப்பவேண்டியுள்ளது.

அமுதா சென்னையிலுள்ள பொறியியலாளர் ஒருவரின் வளர்ப்பு மகள். அவர் எழுத்தாளரும்கூட. தான் பெற்ற மகளல்லள் என்பதை ஒன்பதாவது பிறந்தநாளில் அவள் அறிகிறாள். உண்மையைச் சொல்வதற்கு நாள் குறிக்க முடிகின்ற வாழ்வு அது. மத்தியதர வர்க்கக் குடும்பமே குழந்தையின் அறியாமையை இவ்வாறு ஒரு சேமிப்பாகப் பேணவல்லது. அதன் பின்னர் போர் தாயைத் தேடிச் செல்லும் இடமாகவே படத்தில் அமைகின்றது.

மாங்குளத்துச் சியாமா கருவுற்ற நிலையிற் படகேறி இராமேசுவரம் சேர்கிறாள். படம் விரைந்து கடந்துவிடும் இந்தக் கடலின் இக்கரை மன்னார். கட்டுக்கரைக்குளத்து நீரில் நெல் விளையும் நானாட்டான் பகுதியிலிருந்து நோக்குவோர்க்கு அவ்விரைவு உறுத்தவே செய்யும். அயலிலுள்ள வங்காலையின் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் 1985 சனவரியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். 1990இல் மடுவிலும் பேசாலையிலும் அகதிகளுக்கான நிலையங்கள் திறக்கப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினர். அவர்களுடன் அவர்களது பிள்ளைகளும் போயினர். (இவ்வெளியேற்றத்தைப் பேசிய தமிழ்த் திரைப்படம் எது?) இச்சிறுவர்களுக்கு எவரும் நாள் குறித்து உண்மை சொல்லவில்லை. வயல் வேலையும் தண்ணீர் வரிசையும் இடப்பெயர்வுமே அவர்களுக்கு அதை உணர்த்தின.

காட்டில் ஆயுதந் தாங்கியோர் சூழ்ந்துகொள்ள, எழுத்தாளரின் கவிதை அவரைக் காக்கிறது. அவ்விளைஞர் எந்த வயலிலிருந்து, எந்த வகுப்பறையிலிருந்து வந்தனர் என்று படம் கேட்பதில்லை. சோவியத் இயக்குநர் எலெம் கிளிமோவின் ‘வந்து பார்’ (1985) இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. பெலருஸ் சிறுவன் பிளோரியா மணலைத் தோண்டித் துப்பாக்கியொன்றை எடுக்கிறான். தாய் மன்றாடியும் கேளாது செல்கிறான். பாசிசப் படைகள் எரித்த கிராமங்களின் கதி முழுவதும் அவன் முகத்தில் ஏறி, அது கிழட்டு முகமாகிறது. தனிமனிதன் ஊடாக வரலாறு வெளிப்படும் வகைமாதிரி என்று நாம் கருதுவது இதனையே. சிறுவயதிற் கெரில்லாப் படையோடிருந்த அலெஸ் அதமோவிச் அதன் திரைக்கதையில் இணைந்தமை தற்செயலன்று.

மணிரத்தினத்தின் படத்தில் இத்தகைய உண்மைக்கு மிக அணுகி வருவது தாயும் மகளும் சந்திக்கும் இறுதிக் காட்சி. சேர்த்து வைத்த வினாக்களுடன் அமுதா நிற்கிறாள்; சியாமாவிடம் விடையில்லை. குடும்பப் பாசத்தால் தீர்க்கவியலாத முரண்பாடொன்று அங்கு முதன்முறையாகத் தலைகாட்டுகிறது. நந்திதா தாசின் மௌனம் வசனங்கள் அனைத்திலும் கனமானது. ஆனால் அமுதா வளர்ப்புத் தாயின் அணைப்புக்கு மீள்வதோடு படம் நிறைவுறுகிறது. சியாமா திரும்பிச் செல்லும் இடத்துக்குக் கமெரா அவளைப் பின்தொடரவில்லை.