‘இங்கு மட்டும்’: குன்னெருஸின் நோர்வேத் தாவரநூலும் தமிழ்நிலத் தாவரப் பட்டியல்களும்

முன்னுரை

ஒரு செடி ஓரிடத்தில் உண்டு எனக் காட்ட ஒரு கிளை போதும். அது வேறெங்கும் இல்லை எனக் காட்டப் பிற நிலங்களையெல்லாம் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு நிலப்பகுதிக்கே உரிய ஓரிடவாழ் தாவரங்களைப் பட்டியலிடும் நூல் ஒவ்வொன்றும் இந்தக் கடினமான கூற்றின்மீதே நிற்கிறது. தமிழாய்வில் தாவரப் பெயர்கள் பெரும்பாலும் பெருமைக்குரிய சான்றுகளாகவே கையாளப்பட்டு வந்துள்ளன. ‘இங்கு மட்டும்’ என்னும் எல்லையை வகுத்தவர் யார், அதற்குள் இடப்பட்ட பெயர் யாருடையது என்னும் இரு வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. துரொண்ட்ஹெய்ம் நகரில் உருவான ஒரு தாவரநூலை அளவுகோலாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேராயரின் நூல்

யோஹான் ஏர்ன்ஸ்ட் குன்னெருஸ் 1758இல் துரொண்ட்ஹெய்மின் பேராயரானார். 1760இல் அந்நகரில் தோன்றிய அறிவியற் கழகத்தை நிறுவியோருள் முதன்மையானவர் அவரே. அவருடைய மறைமாவட்டம் வடகோடியான ஃபின்மார்க் வரை நீண்டிருந்தது. திருச்சபை அலுவலாக மேற்கொண்ட பயணங்களிலேயே அவர் செடிகளையும் திரட்டினார். குருமாருக்கு விடுத்த திருமுகத்தில் இயற்கையை ஆராயுமாறும் தூண்டினார். ‘ஃப்ளோரா நோர்வேஜிகா’ என்னும் அவரது நூலின் முதற்பகுதி 1766இல் வெளிவந்தது.

இலத்தீனில் எழுதப்பட்ட அந்நூல் லின்னேயஸின் முறையைப் பின்பற்றியது. ஆயினும் ஊர்மக்கள் வழங்கிய பெயர்களையும் செடிகளின் பயன்களையும் அது விலக்கிவிடவில்லை. நூலின் நிலையான மதிப்பு இதில்தான் உள்ளது. குறையும் இங்கேயே தொடங்குகிறது: பெயரைச் சொன்ன உழவர் அந்நூலைப் படித்திருக்க இயலாது. அவருடைய சொல் பதிவாயிற்று. உரையாடலில் அவருக்கு இடமில்லை.

‘நோர்வேஜிகா’ என்னும் தலைப்பு நோர்வேயில் காணப்படுபவற்றைக் குறித்ததேயன்றி, நோர்வேயில் மட்டும் காணப்படுபவற்றைக் குறித்ததன்று. ஓரிடவாழ்மை என்னும் கருத்து தாவரப் புவியியலில் உறுதிபெற்றது 1820இல் தெ கந்தோல் எழுதியதன் பின்னரே. பனியூழி துடைத்தெடுத்த அந்நாட்டில் ஓரிடவாழ் தாவரங்கள் மிகச் சிலவே. டோவ்ரே மலைப்பகுதிப் பொப்பிச் செடிகளின் சில துணையினங்களைப் பனியூழியிலும் மூடப்படாத சிகரங்களில் எஞ்சியவை எனத் துரொண்ட்ஹெய்மின் ஓலாவ் யேரெவொல் முதலிய தாவரவியலாளர் கருதினர். பிற்கால மரபணு ஆய்வுகள் அக்கருத்தைப் பெரிதும் தளர்த்தின. ‘இங்கு மட்டும்’ என்பது ஒருமுறை நிறுவி முடிக்கப்படும் உண்மையன்று, திருத்தத்திற்கு உட்பட்ட கூற்று என்பதற்கு இது தக்க சான்று.

ஒரே முடி, இரு கரைகள்

குன்னெருஸின் காலத்தில் துரொண்ட்ஹெய்மும் தரங்கம்பாடியும் டென்மார்க்–நோர்வே அரசரின் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. அவ்வரசின் தாவரங்களையெல்லாம் படமாக வெளியிடும் நோக்குடன் 1761இல் தொடங்கி 1883இல் நிறைவுற்றது ‘ஃப்ளோரா டானிகா’. நோர்வே, ஐஸ்லாந்து, கிறீன்லாந்து ஆகியவை அதனுள் அடங்கின; தரங்கம்பாடி அடங்கவில்லை. அரசின் எல்லை வேறு, பட்டியலின் எல்லை வேறு என்பது இதனால் தெளிவாகும்.

இவ்விரு கரைகளையும் இணைத்தவர் லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கொயினிக். ‘ஃப்ளோரா டானிகா’வுக்காக ஐஸ்லாந்தில் செடிகளைத் திரட்டிய அவர் 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். நோர்வே மலைகளிலும் வளரும் சின்னஞ்சிறு வடதுருவச் செடி ஒன்று ‘கொயினிகியா’ எனப்படுகிறது. தமிழர் அடுக்களையின் கறிவேப்பிலையும் அவர் பெயரையே தாங்கி ‘கொயினிகி’ எனப்படுகிறது. குன்னெருஸின் பெயரோ நோர்வேயின் இயற்கைத் தாவரங்களுள் எதற்கும் உரியதன்று. தென்னாப்பிரிக்கச் செடி ஒன்றையே லின்னேயஸ் ‘குன்னெரா’ என்றார். அறிவியற் பெயர் நிலத்தின் நினைவைவிட அறிஞர் குழாத்தின் நட்பையே மிகுதியும் காக்கிறது.

தரங்கம்பாடி மறைப்பணியாளர் ரோட்லரின் நிலை மேலும் கருதத்தக்கது. 1799–1800இல் தரங்கம்பாடிக்கும் சென்னைக்கும் இடையே சென்று மீண்ட வழியில் கண்ட செடிகளை அவர் பதிவு செய்தார். அவரே தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றையும் தொகுத்தார். 1834இல் அச்சாகத் தொடங்கிய அது, 1836இல் அவர் மறைந்தபின் 1841இல் நிறைவுற்றது. உலர்செடித் தொகுப்பு இலண்டன் சென்று இறுதியில் கியூ தோட்டத்தை அடைந்தது. சொற்றொகுப்பு சென்னை வேப்பேரியில் அச்சாயிற்று. ஒருவர் கையில் கூடியிருந்த செடியும் சொல்லும் பின்னர் இரு துறைகளாகப் பிரிந்தன. தாவரவியலார் அகராதியைப் பார்ப்பதில்லை. தமிழாய்வாளர் உலர்செடித் தாளைப் பார்ப்பதில்லை.

எல்லையும் மொழியும்

கேம்பிள் தொடங்கி ஃபிஷர் நிறைவுசெய்த சென்னை மாகாணத் தாவரநூல் (1915–1936) ஆட்சி எல்லையைக் கொண்டது. திருச்சிராப்பள்ளி ராபினாட் உலர்தாவரகத்தின் கே. எம். மேத்யூ, தமிழ்நாட்டுச் சமவெளியையும் கிழக்கு மலைகளையும் ஒரு தொகுதியாகவும் பழனிமலையைத் தனியாகவும் ஆராய்ந்தது இயற்கை எல்லையை நோக்கிய முன்னேற்றமாகும். நீலக்குறிஞ்சிக்கு மாநில எல்லை தெரியாது. அது மூணாற்றிலும் பூக்கும், கொடைக்கானலிலும் பூக்கும்.

கேம்பிளின் நூலில் தமிழ்ப் பெயர்கள் இடம்பெறுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் மரங்களுக்கும் பயன்தரு செடிகளுக்குமே உரியவை. ஒரே மலைச்சாரலுக்கு உரியவையான காசித்தும்பை இனச் செடிகள் பலவற்றுக்கு எதிரே தமிழ்ப் பெயர் இல்லை. டிரைமனின் இலங்கைத் தாவரநூல் (1893–1900) சிங்களப் பெயர்களுடன் தமிழ்ப் பெயர்களையும் தருகிறது. எனினும் இலங்கையின் ஓரிடவாழ் தாவரங்களுள் மிகப் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் உள்ளன. தமிழர் நெடுங்காலம் வாழ்ந்த வடகிழக்கின் உலர்வலயச் செடிகள் தென்னிந்தியக் கரையிலும் வளர்பவை. மொழியின் நிலமும் ஓரிடவாழ் தாவரத்தின் நிலமும் ஒன்றல்ல. தாவரத்தை இனவுரிமைக்குச் சான்றாக்கும் எழுத்துகள் இதனைக் கருத வேண்டும்.

குறிஞ்சிப்பாட்டு ஒரு பட்டியலா?

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் 99 மலர்கள் ஒரு பழந்தாவரப் பட்டியல் எனப் பலகாலும் போற்றப்படுகின்றன. அம்மலர்களுள் தாழையும் நெய்தலும் தாமரையும் முல்லையும் உள்ளன. மலைமகளிர் கொய்து குவித்த பூக்களுள் கடற்கரையும் வயலும் காடும் கலந்துவிட்டன. அது கவிஞரின் நிறைவு வேட்கை, நிலக்கணக்கு அன்று. தமிழரின் தனிச்சின்னமாகக் கருதப்படும் காந்தள் ஆப்பிரிக்காவிலும் பரவலாக வளர்கிறது. இதனால் சங்கப் பாடல்களின் மதிப்பு குறைவதில்லை. திணை, செடியை அதனோடு வாழ்வோரின் ஒழுக்கத்துடன் சேர்த்துக் காண்பது. ‘இங்கு மட்டும்’ என்று அது எங்கும் கூறவில்லை. அந்தப் பொருளைப் பாட்டின்மேல் ஏற்றியவர்கள் பிற்காலத்தவரே.

பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’ (1967) இத்துறையில் அடிப்படை நூல். உரையாசிரியர் விளக்கத்தையும் தாவர இயல்பையும் ஒப்பிட்ட அவரது உழைப்பு பெரிது. ஆனால் அவரைப் பின்பற்றியோர் பலர் ஒரு சொல்லுக்கு ஓர் இலத்தீன் பெயர் எனப் பொருத்துவதுடன் நின்றுவிட்டனர். ஒரே பெயர் இரு மாவட்டங்களில் இரு செடிகளைக் குறிக்கும்போது அம்முறை விடைதர இயலாது.

முடிவுரை

அகத்தியமலைக் காணிக்காரர் ‘ஆரோக்கியப்பச்சை’ என அறிந்த செடி 1987இல் அறிவியலாரின் கவனத்தைப் பெற்றது. அதன் களைப்பு நீக்கும் பயன் அவர்கள் வாயிலாகவே வெளியுலகிற்குத் தெரியவந்தது. அதன் அறிவியற் பெயரில் இன்று இல்லாத திருவிதாங்கூர் அரசு நிலைத்திருக்கிறது. செடியைக் காட்டிய மக்கள் இல்லை. குன்னெருஸின் நூலில் தொடங்கிய குறை இன்றும் தீரவில்லை.

ரோட்லர், கேம்பிள், டிரைமன் ஆகியோர் விட்டுச்சென்ற தமிழ்ப் பெயர்களை இடம், காலம், சொன்னவர் சமூகம் ஆகியவற்றுடன் ஒருங்குவைத்து ஆராய்தல் வேண்டும். பெயரற்ற வெற்றிடங்களும் அவ்வாய்வில் சான்றுகளே. அவற்றுட் சில உண்மையாகவே பெயரற்றவை. சில, இருளர், பளியர், காணிக்காரர் போன்ற மலைவாழ் மக்களை எவரும் கேளாமையால் வெறுமையாக நிற்பவை. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கான காலம் குறுகியது. செடி அழிந்தாலும் உலர்ந்த கிளை தாளில் எஞ்சக்கூடும். பதிவாகாத பெயர், அதைச் சொல்லும் கடைசி முதியவருடன் மறைந்துவிடும்.